விதையிலிருந்து ஓரப்பாத்தி: ஒன்பது பொட்டலத்தில் நாலுதான் தேறியது, என்ன தப்பு செய்தேன்?

#1 புதுப்பாத்தி | ஞாயிறு காலை 7:40

வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். முதல் தடவையாக எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுச்சுவரை ஒட்டி 6 மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலத்துக்கு ஒரு பாத்தி போட்டிருக்கிறேன். காலையிலிருந்து மூன்று மணி வரை நல்ல வெயில். ஆசை இரண்டு. பாத்தி பார்க்க நிறைவாக இருக்க வேண்டும், வாரம் ஒரு தடவை ஜாடிக்குப் பூ வெட்டவும் வேண்டும். நாற்று வாங்காமல் எல்லாவற்றையும் விதையிலிருந்தே கொண்டுவர வேண்டும் என்று ஒரு வீம்பு.

ஒன்பது வகையையும் ஒரே நாளில் குழித்தட்டில் போட்டேன். கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் சரிபாதி. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி விரல் நக ஆழத்துக்குக் குழி, மேலே மூடல், காலையும் மாலையும் தண்ணீர். இன்றோடு 16 நாள்.

ஜினியா, காஸ்மோஸ், செண்டுமல்லி, சூரியகாந்தி நாலும் ஐந்தாறு நாளிலேயே வந்துவிட்டன. கோழிக்கொண்டை அழகாக முளைத்து, போன வியாழன் ஒரே ராத்திரியில் வரிசையாகச் சாய்ந்துவிட்டது. பெட்டுனியா, ஸ்நாப்டிராகன், லார்க்ஸ்பர் மூன்றும் சுத்தமாகப் பூஜ்யம். ஸ்வீட் பீயில் பன்னிரண்டுக்கு இரண்டு.

விதை பழசா, கை ராசியா?

#2 வேலியோரம் | ஞாயிறு காலை 8:15

கை ராசி என்று ஒன்று கிடையாது, தங்கச்சி. ஒரே ஆழம்தான் வில்லன்.

விதையின் தடிமன் எவ்வளவோ அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். சூரியகாந்திக்கு அது விரல் கணு. பெட்டுனியாவுக்கு அந்தக் கணக்குப் போட்டால் ஆழமே இல்லை. ஒரு கிராமில் ஏறத்தாழ பத்தாயிரம் விதை இருக்கும் தூசி அது. அதை நக ஆழத்தில் புதைத்தால் மேலே வருவதற்கான சோறு அதன் வயிற்றில் இல்லை. போதாக்குறைக்கு அதற்கு முளைக்க வெளிச்சமும் வேண்டும். ஸ்நாப்டிராகனும் அதே ஜாதி.

இன்னொன்று. நான் தட்டே வைத்துக்கொள்வதில்லை. ஜினியா, காஸ்மோஸ், சூரியகாந்தி மூன்றையும் எதற்குத் தட்டில் போட்டீர்கள்? நேராகப் பாத்தியில் விதைத்திருந்தால் இந்நேரம் இதைவிடப் பெரிதாக நின்றிருக்கும். நட்டுப் பிடுங்கி மறுபடி நட்டு, எல்லாம் வீண் வேலை.

#3 கண்ணாடிச்சாடி | ஞாயிறு காலை 9:02

வேலியோரம் அண்ணா வழக்கம்போல தட்டின் மேல் கோபமாக இருக்கிறார் :) ஆழத்தைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

புதுப்பாத்தி, உங்கள் ஒன்பதையும் மனதுக்குள் மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் கேட்பவை, இருட்டு கேட்பவை, எதுவும் கேட்காதவை. எதுவும் கேட்காதவைதான் உங்களுக்கு முளைத்த நாலும். அவற்றுக்கு மண் சூடாக இருந்தால் போதும், 21 முதல் 27 டிகிரி வரை இருந்தால் ஜினியா ஐந்தாம் நாள் தலை நீட்டும்.

பெட்டுனியா, ஸ்நாப்டிராகன் இரண்டையும் மூடவே கூடாது. நான் செய்வது இப்படி: கலவையை முதலில் நன்றாக நனைத்து, ஒரு மணி நேரம் விட்டு, மேற்பரப்பைக் கையால் லேசாக அழுத்திச் சமப்படுத்துவேன். விதையை வெள்ளைத் தாளில் கொட்டி, பல்குத்தும் குச்சியின் நுனியை நாக்கில் தொட்டு, ஒரு விதையை ஒட்டவைத்து எடுத்து, குழியின் நடுவில் தொட்டுவிட்டால் அது அங்கேயே நின்றுகொள்ளும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. ஒரு தடவை தும்மி ஒரு பொட்டலத்தையே இழந்திருக்கிறேன். அப்புறம் தட்டுக்கு மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ. தண்ணீர் எப்போதும் அடியிலிருந்துதான். மேலே ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஓடிவிடும்.

களிமண் பூசி உருண்டையாக்கிய பெட்டுனியா விதையும் கிடைக்கும். கையாள சுலபம். ஆனால் அந்தப் பூச்சு கரையும்வரை ஈரம் ஒரு வேளைகூட விட்டுப்போகக் கூடாது. பாதி நனைந்து காய்ந்தால் உள்ளே இருப்பது செத்துவிடும்.

லார்க்ஸ்பருக்கு நேர்மாறு. இருட்டும் வேண்டும், குளிர்ச்சியும் வேண்டும். மண் 15 டிகிரி பக்கம் இருந்தால்தான் அசையும். உங்கள் தட்டில் ஜினியா ஐந்து நாளில் வந்தது என்றால் அந்தச் சூடு லார்க்ஸ்பருக்கு ஆகவே ஆகாது. ஒரே தட்டில் இரண்டையும் திருப்திப்படுத்த முடியாது, அவ்வளவுதான் விஷயம். குளிர்ச்சியான பருவம் வரும்வரை பொட்டலத்தை எடுத்துவைத்துவிடுங்கள்.

#4 மூன்றாவது மாடி | ஞாயிறு காலை 10:30

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஸ்வீட் பீ விதையை ராத்திரி ஊறவைக்கணும் என்கிறார்கள், வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

#5 வேலியோரம் | ஞாயிறு காலை 10:44

தோல் கெட்டியாக இருந்தால் ஊறவை. ஒரு ராத்திரி போதும், 24 மணி நேரத்துக்கு மேல் போனால் அழுகும். காலையில் எது உப்பவில்லையோ அதை மட்டும் நகவெட்டியால் ஒரு ஓரத்தில் லேசாகக் கீறு. அந்த வெள்ளைக் கண் இருக்கும் பக்கத்தில் கீறாதே, முளை வெளியே வருவது அந்தப் பக்கம்தான். கல்வாழை விதைக்கும் இதே வைத்தியம்தான். அதற்கு நகவெட்டி போதாது, அரம் வேண்டும்.

#6 விதைப்பெட்டி | ஞாயிறு மதியம் 12:20

"விதை பழசா" என்ற கேள்வியை யாரும் தொடவில்லையே. ஊகிக்காமல் சோதித்துப் பாருங்கள். மீதி இருக்கும் பொட்டலத்திலிருந்து பத்து விதை எடுத்து, ஈரத் துணியிலோ டிஷ்யூ தாளிலோ பரப்பி மடித்து, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வையுங்கள். பத்து நாள் பார்த்து எண்ணுங்கள். ஏழு முளைத்தால் 70 சதவீதம், தாராளமாக விதைக்கலாம். மூன்று என்றால் அடர்த்தியாகத் தூவுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் உங்கள் மேல் தப்பில்லை. வெளிச்சம் கேட்பதை வெளிச்சத்தில் வையுங்கள், லார்க்ஸ்பரைக் குளிர்ந்த இருட்டில். இல்லையென்றால் சோதனையே பொய் சொல்லும்.

பூ விதைகளில் ஆயுள் ஒரே மாதிரி இல்லை. ஜினியா நன்றாக வைத்தால் நாலைந்து வருஷம் தாங்கும். சைனா ஆஸ்டர், லார்க்ஸ்பர் எல்லாம் அடுத்த வருஷமே சோர்ந்துவிடும். விதை ஆராய்ச்சியில் ஹாரிங்டன் என்பவர் சொன்ன ஒரு கட்டைவிரல் கணக்கு உண்டு: விதைக்குள் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, வைத்திருக்கும் இடத்தின் சூடு ஐந்தரை டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பு. முதலில் காயவை, அப்புறம் குளிரவை என்பதுதான் அதன் பொருள். காயாத விதையைக் குளிர்பெட்டியில் வைப்பது உதவாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான டப்பா, அது குளிர்பெட்டியின் கீழ்த் தட்டில். வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள். டப்பா அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லையென்றால் காற்றில் இருக்கும் ஈரம் முழுக்க விதை மேல் பனியாக இறங்கும்.

நான் விதையை அடுப்புக்கு மேலே இருந்த அலமாரியில் இரண்டு வருஷம் வைத்திருந்தேன். கைக்கு எட்டுகிற இடமாம்! அந்த வருஷம் பாத்தியில் களை மட்டும் செழித்தது.

#7 கண்ணாடிச்சாடி | ஞாயிறு மாலை 6:10

கோழிக்கொண்டைக்கு வருகிறேன். சாய்ந்த நாற்றை எடுத்துப் பாருங்கள். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நூல் மாதிரி மெலிந்து, தண்ணீரில் ஊறிய பழுப்பு நிறத்தில் இருக்கிறதா?

#8 புதுப்பாத்தி | ஞாயிறு மாலை 7:25

அப்படியேதான் இருக்கிறது அக்கா. மேலே இலை பச்சையாக, நல்லாவே இருக்கிறது. கழுத்தில் மட்டும் யாரோ நூல் கட்டி இறுக்கினதுபோல. தட்டின் ஒரு மூலையில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன்.

#9 கண்ணாடிச்சாடி | ஞாயிறு மாலை 7:50

நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண் பூஞ்சைகளின் வேலை. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது, அந்த மூலையை மண்ணோடு வழித்து எறிந்துவிடுங்கள்.

காரணம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. பாதிக்குப் பாதி மண்புழு உரம், இரண்டு வேளை தண்ணீர். முளைக்கிற விதைக்கு உரம் தேவையே இல்லை, அதன் பருப்பிலேயே முதல் பத்து நாளுக்கான சாப்பாடு இருக்கிறது. உரம் நிறைந்து, எப்போதும் சொதசொதவென்று இருக்கும் கலவையைப் பார்த்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அடுத்த தடவை கோகோபீட்டைக் கழுவிப் பிழிந்து, கொஞ்சம் பெர்லைட் (தண்ணீர் தேங்காமல் வடிய உதவும் வெள்ளைத் துகள்) கலந்து அப்படியே போடுங்கள். உரம் இரண்டாம் ஜோடி நிஜ இலை (முதலில் விரியும் விதையிலை கணக்கில் வராது) வந்த பிறகு, அதுவும் பாதி பலத்தில். மேல்மண் நிறம் வெளுத்தபின் தட்டின் அடியில் தண்ணீர் வைத்து, அரை மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள். முளை வந்த அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். சின்ன மின்விசிறியை எட்ட வைத்து மெதுவாக ஓடவிட்டால் தண்டும் தடிக்கும். நான் காலையில் போகிறபோது உள்ளங்கையால் நாற்றுகளின் தலையைத் தடவிவிட்டுப் போவேன். அதனால் நெட்டையாக ஓடாமல் குட்டையாக, உறுதியாக வளரும். நாய்க்குட்டியைத் தடவுவதுபோல ஒரு சுகமும் உண்டு.

பழைய தட்டு என்றால் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்துக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

#10 நிழல்மரம் | திங்கள் காலை 6:30

எல்லோரும் முளைப்பிலேயே நிற்கிறீர்கள். நான் பாத்திக்கு வருகிறேன்.

ஒன்றேகால் மீட்டர் அகலத்தில் மூன்று படிகள் கட்டலாம். சுவர் ஓரம் ஒரு மீட்டர் தாண்டுபவை: காஸ்மோஸ், உயரமான ஜினியா. நடுவில் முழங்கால் முதல் இடுப்பு வரை வருபவை: ஸ்நாப்டிராகன், கோழிக்கொண்டை, வாடாமல்லி. முன்னால் சாண் உயரம்: குட்டைச் செண்டுமல்லி, பெட்டுனியா. சுவருக்கும் செடிக்கும் நடுவே இரண்டு சாண் இடைவெளி விடுங்கள். காற்று போகவும், நீங்கள் போகவும்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு செடி என்று மாற்றி மாற்றி நட்டுவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் துணிக்கடைத் துண்டு மூட்டை மாதிரி இருக்கும். ஒரே வகையை ஐந்து, ஏழு என்று கூட்டமாக நடுங்கள். அந்தக் கூட்டமும் கட்டம் கட்டமாக வேண்டாம், சாய்வாக நீண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து போகட்டும். இங்கிலாந்தின் கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) தன் மன்ஸ்டெட் வுட் தோட்டத்தில் 200 அடி நீளப் பாத்தியை இப்படித்தான் அமைத்தார். இரண்டு முனைகளிலும் நீலம், வெள்ளை, சாம்பல் இலை. நடுவை நோக்கிப் போகப் போக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. நெருப்பு நடுவில். ஓவியம் படித்தவர், கண் பார்வை மங்கிய பிறகு தோட்டத்துக்குத் திரும்பியவர். 6 மீட்டரிலும் அந்த வித்தை பலிக்கும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இந்தப் பாத்தியிலிருந்து ஜாடிக்கு வெட்டாதீர்கள். வெட்டுவதற்கு வேறு எங்காவது ஒரு வரிசை போட்டுக்கொள்ளுங்கள்.

#11 வேலியோரம் | திங்கள் காலை 7:05

> இந்தப் பாத்தியிலிருந்து ஜாடிக்கு வெட்டாதீர்கள்

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வருஷச் செடியின் ஒரே குறிக்கோள் விதை வைத்துவிட்டுச் சாவது. பூவை விட்டுவைத்தால் அது விதையாகும், விதையானதும் செடி கடையை மூடிவிடும். வெட்ட வெட்டத்தான் "இன்னும் வேலை முடியவில்லை போலிருக்கிறது" என்று மறுபடி பூக்கும். எப்படியும் வாடின பூவைக் கிள்ளத்தானே போகிறீர்கள்? நாலு நாள் முன்னால் கிள்ளினால் அது ஜாடிக்கு.

#12 நிழல்மரம் | திங்கள் காலை 7:40

ஐயா, நீங்கள் சொல்வது செடிக்குச் சரி, கண்ணுக்குச் சரியில்லை. சனிக்கிழமை காலை ஒரு வாளி நிறைய வெட்டிக்கொண்டு போன பின் அந்தப் பாத்தி மொட்டை அடித்ததுபோல நிற்கும். விருந்தாளி வருவது அன்று சாயங்காலம்தான். நான் அனுபவப்பட்டே சொல்கிறேன்.

#13 கண்ணாடிச்சாடி | திங்கள் மதியம் 1:15

இடம் இருப்பவர்களுக்கு நிழல்மரம் சொல்வதுதான் சரி. என்னிடம் கொய்மலருக்குத் தனி வரிசைகள் இருக்கின்றன, அவற்றின் அழகைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை, பயிர் மாதிரி நேர் கோட்டில் நடுகிறேன். ஆனால் புதுப்பாத்தியிடம் இருப்பது 6 மீட்டர்தான். அதனால் எந்தச் செடியை வெட்டுகிறோம் என்று பார்த்தால் போதும்.

வெட்ட வெட்டக் கிளைப்பவை ஜினியா, காஸ்மோஸ், செண்டுமல்லி, வாடாமல்லி. இவற்றைப் பாத்தியின் நடுவிலும் பின்னாலும் கூட்டமாக வைத்து, ஒரு செடிக்கு ஒன்றிரண்டு தண்டு வீதம் சுற்றி வந்து வெட்டினால் ஓட்டை தெரியாது. ஒரே தண்டு, ஒரே பூ என்று முடிந்துபோகும் சூரியகாந்தியை மட்டும் பாத்திக்குள் வைக்காதீர்கள். வெட்டினால் அங்கே குழிதான் மிஞ்சும். அதைச் சுவரின் கடைசி மூலையில் 15 செ.மீ. இடைவெளியில் நெருக்கி விதையுங்கள். நெருக்கினால் பூ சின்னதாகும், ஜாடிக்கு அதுதான் அளவு. தாராளமாக இடம் விட்டால் தட்டு அளவுக்குப் பூத்து ஜாடியைச் சாய்த்துவிடும்.

அதையும் மொத்தமாக விதைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பத்துப் பத்தாக.

#14 புதுப்பாத்தி | புதன் இரவு 9:00

எல்லோருக்கும் நன்றி. பெட்டுனியா, ஸ்நாப்டிராகன் இரண்டையும் குச்சி நுனியில் வைத்து மறுபடி போட்டுவிட்டேன். கோழிக்கொண்டையும் புதிதாக. லார்க்ஸ்பர் டப்பாவுக்குள் போய்விட்டது. சூரியகாந்தி எல்லாவற்றையும் ஏற்கெனவே ஒரேயடியாக நட்டுவிட்டேன், அக்காவின் பதிவைப் படிப்பதற்கு அரை நாள் முன்னால் :(

அடுத்த சந்தேகம். ஜினியா ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும் என்று படித்தேன். நிஜமாகவா? நடுவில் மொட்டு மாதிரி ஒன்று தெரிகிறதே.

#15 கண்ணாடிச்சாடி | புதன் இரவு 9:20

நிஜமாகத்தான். 20 முதல் 30 செ.மீ. உயரம், மூன்று நாலு ஜோடி இலை இருக்கும்போது, மூன்றாம் ஜோடிக்கு மேலே வெட்டுங்கள். நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன்தான் பக்க மொட்டுகளை "நீங்கள் சும்மா இருங்கள்" என்று அடக்கி வைக்கிறது. நுனி போனால் ஒவ்வொரு இலைக் கக்கத்திலிருந்தும் ஒரு கிளை எழும். முதல் பூ ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போகும், ஆனால் நீளமான தண்டுகள் நிறைய வரும்.

காஸ்மோஸ், ஸ்நாப்டிராகன், வாடாமல்லி எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். ஒற்றைத் தண்டு சூரியகாந்தியைக் கிள்ளாதீர்கள், பூவே போய்விடும். ஒற்றைப் பெரிய கொண்டை வேண்டுமென்றால் கோழிக்கொண்டையையும் விட்டுவிடுங்கள்.

#16 புதுப்பாத்தி | சனி காலை 8:10

கத்தரியோடு போய் நின்றேன். மனசு வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

#17 வேலியோரம் | சனி காலை 8:22

ஒன்றை மட்டும் சாட்சிக்கு விட்டுவிட்டு மீதியை வெட்டு, தங்கச்சி. பூக்கும்போது அதுவே பேசும்.

#18 மூன்றாவது மாடி | சனி காலை 11:00

என் காஸ்மோஸ் ஆளுயரம் வளர்ந்து பஞ்சு மாதிரி இலையாக நிற்கிறது, ஒரு மொட்டு இல்லை. வாரம் தவறாமல் உரம் கொடுக்கிறேன். இன்னும் கூட்டணுமா?

#19 வேலியோரம் | சனி காலை 11:06

நிறுத்து! காஸ்மோஸ் மெக்சிகோவின் ஏழை மண்ணிலிருந்து வந்தது. தழைச்சத்தை ஊட்டினால் இலையாகத்தான் தின்று தீர்க்கும். உரத்தை விட்டுவிடு, தண்ணீரையும் கொஞ்சம் குறை. பகல் குறுகும் காலம் வந்தால் தானாக மொட்டு வைக்கும், இளஞ்சிவப்பு வகைக்கு அந்தக் குணம் உண்டு.

#20 விதைப்பெட்டி | சனி மாலை 5:30

ஜினியாவும் மெக்சிகோதான். கோட்டிங்கனில் உடற்கூறு கற்பித்த யோஹான் சின் (1727–1759) என்பவர் பெயரைத்தான் லின்னேயஸ் அதற்கு வைத்தார். கண் வில்லையைத் தாங்கிப் பிடிக்கும் நுண்ணிய இழைகளுக்கும் அவர் பெயர்தான். 31 வயதில் போய்விட்டார். நம் பேச்சுக்குச் சம்பந்தமில்லை, ஆனால் ஜினியாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

#21 புதுப்பாத்தி | எட்டு வாரம் கழித்து, ஞாயிறு காலை 7:15

மறுபடி வந்துவிட்டேன். கணக்கு ஒப்படைக்கிறேன்.

ஸ்நாப்டிராகன் ஒன்பதாம் நாள் முளைத்தது. முளை என்று சொல்லவே கூச்சமாக இருந்தது, பச்சைப் புள்ளி. லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் நம்பினேன். பெட்டுனியா பதினொன்று பிழைத்து, ஆறு பாத்தியின் முன்வரிசையில் இருக்கிறது. ஒரு வாரம் நிழல், பிறகு காலை வெயில், பிறகு முழு வெயில் என்று பழக்கித்தான் நட்டேன். கோழிக்கொண்டை இந்தத் தடவை ஒன்றுகூடச் சாயவில்லை.

சூரியகாந்தி இருபத்தெட்டும் ஒரே வாரத்தில் பூத்தது. வீட்டில் இருந்த ஜாடி, வாளி, பாட்டில் எல்லாம் நிறைந்து, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒன்றுமில்லை. வெறும் குச்சி. அக்கா, இனி பத்துப் பத்துதான்.

சாட்சி ஜினியா: கிள்ளாத செடி முதலில் பூத்தது, ஒன்பது நாள் முன்னதாகவே. நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்தேன். இன்று எண்ணிப் பார்த்தேன். அதில் வெட்டக்கூடிய தண்டு நாலு, அதுவும் விரல் நீளம். பக்கத்தில் கிள்ளியதில் பதினொன்று, முழங்கை நீளம்.

ஆனால் ஜாடியில் வைத்த ஜினியா மறுநாளே கழுத்து ஒடிந்து தொங்குகிறது. தண்ணீர் நிறையத்தான் ஊற்றினேன்.

#22 கண்ணாடிச்சாடி | ஞாயிறு காலை 8:00

பூ முதிரவில்லை. பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டை இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்டுங்கள். தலை தளதளவென்று ஆடினால் வெட்டாதீர்கள். தண்டு குச்சி மாதிரி விறைப்பாக நின்று, பூவும் கையும் சேர்ந்து ஆடினால் வெட்டலாம். ஜினியா வெட்டிய பின் விரியாது, அதனால் முழுதாக விரிந்த பிறகே வெட்ட வேண்டும். சூரியகாந்திக்கு நேர்மாறு, இதழ் வட்டிலிலிருந்து எழும்பத் தொடங்கும்போதே வெட்டினால் ஜாடியில் விரியும். ஸ்நாப்டிராகன் கீழ்ப்பூக்கள் மூன்றில் ஒரு பங்கு திறந்ததும். அதை நிமிர்த்தி வையுங்கள், படுக்கப்போட்டால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும், பிறகு நேராகாது.

வெட்டுவது விடிகாலை. வெயில் ஏறினால் தண்டில் தண்ணீர் இறங்கிவிடும். வாளியைத் தண்ணீரோடு செடியிடம் கொண்டு போங்கள், செடியை வாளியிடம் கொண்டுவராதீர்கள். வெட்டும்போது கஞ்சத்தனம் வேண்டாம், கீழே ஒரு ஜோடி இலைக்கு மேல் ஆழமாக வெட்டினால்தான் அடுத்த தண்டு நீளமாக வரும். தண்ணீருக்குள் போகும் இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது அழுகி, பாக்டீரியா பெருகி, தண்டின் குழாயை அடைத்துவிடும். ஜாடியில் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் சாவது இதனால்தான். ஜினியாவும் செண்டுமல்லியும் தண்ணீரைச் சீக்கிரம் கலக்கிவிடும், ஒரு சொட்டு பிளீச் விட்டுத் தினமும் மாற்றுங்கள். ஜினியாவைக் குளிர்பெட்டியில் வைத்துவிடாதீர்கள், குளிர் அதற்கு ஆகாது. பழக்கூடைக்குப் பக்கத்திலும் எந்தப் பூவும் வேண்டாம். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயுவில் ஸ்நாப்டிராகன் பொலபொலவென்று உதிரும்.

#23 நிழல்மரம் | ஞாயிறு காலை 9:30

பாத்தி எப்படி இருக்கிறது? படம் போடுங்கள். சூரியகாந்தி நின்ற இடம் மொட்டையாகத்தானே இருக்கிறது? (நான் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன்.)

#24 புதுப்பாத்தி | ஞாயிறு காலை 10:05

சொல்லிவிட்டீர்கள் சார் :) மொட்டைதான். ஆனால் மற்ற இடத்தில் வாரம் இருபது தண்டு வெட்டுகிறேன், வாசலில் நின்று பார்த்தால் எங்கே வெட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. நெருப்பு நடுவில் வைத்தாயிற்று. செண்டுமல்லியும் சிவப்பு ஜினியாவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

கீழ் இலைகளில் மாவு தூவியதுபோல வெள்ளை படர ஆரம்பித்திருக்கிறது.

#25 வேலியோரம் | ஞாயிறு காலை 10:20

சாம்பல் நோய். எத்தனை நெருக்கமாக நட்டாய்?

#26 புதுப்பாத்தி | ஞாயிறு காலை 10:24

ஒரு சாண்... சில இடத்தில் அதிலும் பாதி. முளைத்ததைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

#27 வேலியோரம் | ஞாயிறு காலை 10:31

உனக்கு எதற்குத்தான் மனசு வரும்? நடுவில் ஒன்று விட்டு ஒன்றைப் பிடுங்கு. 25, 30 செ.மீ. இருந்தால் காற்று ஓடும். வெள்ளை படிந்த கீழ் இலையைக் கிள்ளி எரித்துவிடு, உரக்குழியில் போடாதே. இனி பூவாளியால் தலையில் ஊற்றாதே, அடியில் விடு. முற்றிய ஜினியாவுக்கு இது வருவது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை. பதிலுக்கு இன்றே அடுத்த தவணை ஜினியாவை விதைத்துவிடு, கிழடு ஓயும்போது குமரி தயாராக நிற்கும். இந்தத் தடவை நேராகப் பாத்தியில். தட்டு வேண்டாம்.

#28 விதைப்பெட்டி | ஞாயிறு மாலை 4:45

விதை எடுக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே முடிவு செய்யுங்கள். பொட்டலத்தில் எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பினம்) என்று போட்டிருந்தால் எடுத்துப் பயனில்லை, பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு சாடையில் வரும். அது இல்லையென்றால், நோய் இல்லாத, நல்ல அடுக்குப்பூ வைத்த ஒரே ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, நூல் கட்டி, அதை மட்டும் வெட்டாமல் விடுங்கள். தலை பழுப்பாகி மொறுமொறுவென்று காய்ந்ததும் இதழைப் பிடித்து இழுத்தால் அடியில் அம்புமுனை மாதிரி தட்டையான விதை ஒட்டிக்கொண்டு வரும். பூச்சி வந்து கலந்திருக்கும், அதனால் நிறம் அப்படியே வரும் என்று சத்தியம் செய்ய முடியாது.

ஸ்வீட் பீ அப்படியில்லை. பூ திறப்பதற்கு முன்பே தனக்குள் சேர்ந்துகொள்ளும், அதனால் தாயைப்போலவே பிள்ளை. அந்த இரண்டு செடி என்ன ஆயிற்று?

#29 புதுப்பாத்தி | ஞாயிறு மாலை 6:20

ஒன்றை நத்தை தின்றுவிட்டது. இன்னொன்று கயிற்றைப் பிடித்து என் தோள் உயரம் ஏறிவிட்டது. இன்று காலை ஒரு மொட்டு பார்த்தேன், என்ன நிறம் என்று இன்னும் காட்டவில்லை.

சிவப்பு ஜினியா ஒன்றுக்கு நூல் கட்டியாயிற்று. கிள்ளிய செடிதான்.